மறக்கத் தெரியாத பெட்டி

என் கண்ணான மகனே, அஸ்ஸலாமு அலைக்கும். ஒன்றுக்கு இரண்டு போன் வைத்திருக்கிறவனுக்கு இந்த அம்மா எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பது உத்தமபாளையம் வரைக்கும் கேட்கிறது. சிரித்துக்கொள். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். ஈமெயில் அனுப்பலாம்தான். ஊரில் பாதிப் பேருக்கு ஈமெயில் தொடங்கிக் கொடுத்தவளுக்கு அது தெரியாதா? ஆனால் இதில் எழுதப்போவது உனக்கும் எனக்கும் மட்டுமானது. நடுவில் எந்த மிஷினும் அதைத் தொடுவதை நான் விரும்பவில்லை. உன் அத்தா கடைவீதிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். உன் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பத்திரிகை அச்சுக்குப் போயாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று, உன் மாமியார் வீட்டிலிருந்து தினம் ஒரு சந்தேகம் வந்துகொண்டிருக்கிறது. அதெல்லாம் ஒரு பக்கம் நடக்கட்டும். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் முதல் கேள்வியாக என் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாயே, அதற்கும் இந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது. கடைசி வரை படி.

போன வாரம் நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம் பிரவுசிங் சென்டரை மூடியதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பையன்கள் கையிலேயே இண்டர்நெட் வந்த பிறகு நான் யாருக்காக மின்விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது? மேசை, நாற்காலி, தடுப்புப் பலகை எல்லாம் விற்றாயிற்று. அந்த சர்வர் கம்ப்யூட்டர் மட்டும் நம் வீட்டு அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள் என்று பதறினாய். வெள்ளிக்கிழமை உன் கம்பெனி ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துப் போவதாகச் சொன்னாய். உங்கள் கம்பெனியில் மிஷினுக்குப் பாடம் நடத்துகிறீர்களாம். ஒருவன் இன்றைக்கு என்ன தேடினான் என்பதைக் காட்டினால், நாளைக்கு அவன் என்ன வாங்குவான், எங்கே போவான், எதற்குப் பயப்படுவான் என்று அது சொல்லிவிடுமாம். பட்டணத்துக்காரர்கள் தேடியது உங்களிடம் குவிந்து கிடக்கிறதாம். நம்மைப் போலச் சின்ன ஊர் ஜனங்கள் தேடியதுதான் கிடைக்காமல் இருந்ததாம். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உன் வேலை நிரந்தரம் என்று சொன்னபோது, சின்ன வயதில் பம்பரம் ஜெயித்துவிட்டு ஓடி வருவாயே, அந்தக் குரல். நானும் பிரியாணி போடுகிறேன், வாருங்கள் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அதில் என்னடா இருக்கப் போகிறது, ஒவ்வொருவர் எழுந்ததும் நான்தான் எல்லாவற்றையும் அழித்துவிடுவேனே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ சிரித்துவிட்டாய்.

"அம்மா, நீங்க அழிச்சது அந்தந்த சிஸ்டத்துல மட்டுந்தான். ஆரம்பத்துல இருந்தே எல்லாம் சர்வர் வழியாத்தான போச்சு. யாரு, எந்நேரம், என்ன தேடுனாக, அம்புட்டும் அதுல அப்படியே இருக்கு" என்றாய்.

அன்றைக்குக் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். உன் அத்தா தயிரை ஊற்றிக்கொண்டார்.

இதற்கு ஏன் இந்தப் பாடு என்று உனக்குப் புரிய வேண்டுமென்றால், நாம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலத்துக்குப் போக வேண்டும். நீ அப்போது சின்னப் பிள்ளை. உனக்கு மிட்டாய் பாட்டில்தான் ஞாபகம் இருக்கும். எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவு ஞாபகம். கதவு என்று பெயர்தானே தவிர, உள்ளே பேசுவது முழுக்க வெளியே கேட்கும். சவுதியில் இருக்கிற புருசனிடம் வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுகிறவர்கள், ஏலத்தோட்டத்து ஜீப் டிரைவர்கள் மலையாளத்தில் குழைகிற குழைவு, பெண் பார்த்துவிட்டுப் போய் வேண்டாமென்று சொல்ல இங்கே வந்து மென்று விழுங்குகிறவர்கள் என்று எல்லாம் என் காது வழியாகத்தான் போனது. உன் அம்மாவுக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். காய்க்காரனிடம் நான் சண்டை போட்டால் அடுத்த தெருவில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். ஆனால் பூத்தில் கேட்ட ஒரு வார்த்தையை நான் வெளியில் விட்டேன் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். அடுத்த தெருக் கல்யாணத்தில் பெண்வீட்டாரைப் பற்றி உன் அத்தா ஏதோ கேட்டதற்குக்கூட, "எனக்கென்ன தெரியும், நான் மீட்டரத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன். தெரியும்தான், எல்லாமே தெரியும்.

அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. திராட்சைத் தரகர் ஒருவர் எர்ணாகுளத்து மண்டிக்குப் பேசி விலை முடித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே போனார். அடுத்து உள்ளே போனவரும் தரகர்தான். அவர் எண்ணே போடவில்லை. ஒரே ஒரு பொத்தானை அழுத்தினார். அதே மண்டிக்காரர் எடுத்தார். இவர் விலையைக் கொஞ்சம் இறக்கிச் சொல்லி லோடைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். முன்னால் போட்ட எண்ணையே திரும்பப் போடுகிற ரீடயல் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மறுநாள் கடை வாசலில் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கெட்டிக்காரன்தான் என்று உன் அத்தாவிடம் மெச்சிக்கூடச் சொன்னேன்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கோம்பையில் கட்டிக்கொடுத்த ஒரு பெண், சந்தைக்கு வருகிற சாக்கில் வாரா வாரம் நம் பூத்துக்கு வருவாள். அவளுடைய தாய்வீடு ஜெயமங்கலம். இரண்டு வீட்டுக்கும் ஏதோ மனஸ்தாபம், போக்குவரத்து கிடையாது, பேச்சும் கூடாது என்று புருசன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அங்கே அவளுடைய அம்மா ஒரு மளிகைக் கடை போனுக்குப் பக்கத்தில் வந்து காத்திருப்பாள். இவள் பெரிதாக ஒன்றும் பேச மாட்டாள். சாப்பிட்டியா, மாடு கன்னு போட்டுச்சா, மழை பெஞ்சுச்சா, அவ்வளவுதான். ஒரு நாள் அவள் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனதும் ஒரு ஆள் வந்தான். முகத்தைப் பார்த்தால் சாது. ஒரு போன் பேச வேண்டும் என்றான். உள்ளே போய் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினான். அந்தப் பக்கம் அம்மாக்காரி இன்னும் போன் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அவள் குரல் எனக்கே கேட்டது.

"என்னாத்தா, மறுபடியும் கூப்புடுற? ஏதும் சொல்ல மறந்துட்டியா?"

அவன் ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டுச் சில்லறை கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் பெண் நம் பூத்துக்கு வரவே இல்லை. சந்தையிலும் பார்க்கவில்லை. என்ன ஆனாள் என்று விசாரிக்கலாமென்றால், விசாரிப்பதே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். யார் என்று சொல்லாமல் நான் புலம்பியபோது, நீ என்ன செய்வாய், அது மிஷினில் இருக்கிற பொத்தான் என்றார் உன் அத்தா. மிஷின் யாரோ செய்ததுதான், பூத்து நம்முடையதல்லவா என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் யாராவது "என்னாத்தா" என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

அதிலிருந்துதான் எனக்கு அந்தத் துணிப் பழக்கம் வந்தது. ஒருவர் பேசிவிட்டு வெளியே வந்ததும் துணியோடு உள்ளே போவேன். ரிசீவரைத் துடைக்கிற மாதிரித் துடைத்து, ஏதோ ஒரு எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிடுவேன். அடுத்து வருகிறவன் ரீடயல் அழுத்தினால் அந்த ஒற்றை எண்தான் போகும். ஊரில் எனக்குச் சுத்தக்காரி என்று பட்டப்பெயரே வைத்தார்கள். நம் தெருப் பெண்கள், "அந்தக்காவுக்கு எச்சி படக்கூடாதாம்" என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு பூத்தை பிரவுசிங் சென்டராக மாற்றினோம். தேனியிலிருந்து வந்தவர்கள் சர்வரை வைத்து, ஒயர் இழுத்து, தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு எல்லாமே புதிது, ஆனால் ஒரு கேள்வி மட்டும் பழையது: இதில் ரீடயல் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து நீதான் காட்டிக் கொடுத்தாய். முகவரிப் பட்டையில் ஒரு எழுத்தைத் தட்டினாய். அதற்கு முன்னால் உட்கார்ந்தவர் பார்த்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கன போய், இதை அமுக்குனா எல்லாம் போயிரும்மா என்று என் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாய். அந்தக் கோம்பைப் பெண்ணின் கதையை அன்றைக்கு உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? நீ, "அப்ப இனிமே மறக்காம அழிச்சிருவோம்மா" என்றாய். அன்றிலிருந்து கடையை மூடிய நாள் வரை, ஒருவர் எழுந்தால் நான் துணியோடு போவேன். விசைப்பலகையைத் துடைப்பேன், பிறகு அவர் பார்த்ததையும் அழிப்பேன். என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டேன்.

உன் மிஷினை நான் வைகிறேன் என்று நினைக்காதே. நன்மை செய்திருக்கிறது, இல்லை என்றால் நாக்கு அழுகிவிடும். துபாயில் இருந்த மகன் தன் கைக்குழந்தையைக் கேமராவில் காட்ட, அந்தக் குழந்தையின் பாட்டனார் திரையைத் தொட்டுத் தொட்டு முத்தம் வைத்தது நம் கடையில்தான். ஆனால் அங்கே வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைப் பார்க்க வரவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். கல்யாணமாகிப் பிள்ளை இல்லாதவர்கள் இருந்தார்கள். உன்னுடைய வாத்தியார் ஒருவர், தன் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தும், இங்கன வந்து கடைசி மூலையில் உட்காருவார். டாக்டரிடமும் வீட்டிலும் கேட்க முடியாததை அதில் கேட்டார்கள். ஏன் கேட்டார்கள்? எழுந்து போனால் யாருக்கும் தெரியாது, அந்தக்கா துடைத்துவிடும் என்ற தைரியத்தில் கேட்டார்கள். அடையாள அட்டை வாங்கிப் பெயர் ஏற்ற வேண்டும் என்று விதி வந்தபோதுகூட, உங்களிடம்தானே கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். என்னிடம்தான் கொடுத்தார்கள், உன் கம்பெனியிடம் கொடுக்கவில்லை.

பெயரையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம் என்று போனில் சொன்னாய். ஏலே, கோம்பை நாய்க்குப் பெயரைச் சொல்லியா வேட்டைக்கு விடுகிறார்கள்? மோப்பம் காட்டினால் போதாதா? உத்தமபாளையத்தில், காலையில் ஜீப் வருவதற்கு முன்னால் வந்து, இன்ன நோயைப் பற்றி மலையாளத்தில் தேடுகிற ஆள் என்று சொன்னால், டீக்கடையில் இருக்கிற அத்தனை பேரும் கையை நீட்டி விடுவார்கள். நான் மேலே சொன்ன கதையிலேயே அந்தப் பெண் கோம்பையும் இல்லை, அவளுடைய தாய்வீடு ஜெயமங்கலமும் இல்லை. உன்னிடம் சொல்லும்போதுகூட ஊரை மாற்றித்தான் சொன்னேன், இப்போதும் மாற்றித்தான் எழுதுகிறேன். இன்னொன்றும் சொன்னாய், மனுசன் யாரும் படிக்க மாட்டாக, மிஷின்தான் படிக்கும் என்று. எனக்குப் பயமே அதில்தான். மனுசன் கேட்டால் பாதியை மறப்பான், கொஞ்சம் வெட்கப்படுவான், நமக்கேன் வம்பு என்று விடுவான். அந்தத் தரகர்களே ஒரு வருசத்தில் சம்பந்தி ஆகிவிட்டார்கள். உன் மிஷினுக்கு இந்த மறதியை யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா? கேலிக்குக் கேட்கவில்லை, எனக்குத் தெரியாததால் கேட்கிறேன்.

சரி, இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படி. பஸ்ஸிலோ ஆபீஸிலோ இருந்தால் மடித்து வைத்துவிட்டு ரூமுக்குப் போய்ப் படி.

நீ பிளஸ் டூ எழுதிய வருசம். உன் பரீட்சை எண்ணை நாம் எல்லோருக்கும் கொடுத்திருந்தோம். துஆ செய்யச் சொல்லிச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் உன் அத்தா துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், பள்ளிவாசலிலும் கொடுத்தார். எண்ணைச் சொல்லிக் கேட்டால் துஆ நேராகப் போய்ச் சேரும் என்று நினைத்தோமோ என்னமோ. ரிசல்ட் அன்றைக்கு நம் கடையில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் உன் சின்ன மாமா, ஆசையில், எல்லோருக்கும் முன்னால் உன் எண்ணைத் தட்டிவிட்டான். திரையில் வந்ததை அவனே வாசித்தான். "அக்கா, பிசிக்ஸ்ல போயிருச்சே" என்றான். கடை முழுக்கக் கேட்டது. நீ அவனுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாய். யாரும் உன்னை ஏசவில்லை. எல்லோரும் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள், அதுதான் பெரிய கொடுமை. நான் யாருக்கும் சொல்வதற்கு முன்னாலேயே அல்லிநகரத்திலிருந்து உன் பெரியம்மா போன் செய்து ஆறுதல் சொன்னாள். எண் எல்லோரிடமும் இருந்ததல்லவா, அவரவர் ஊரில் அவரவர் தட்டிப் பார்த்துவிட்டார்கள். துஆவுக்குக் கொடுத்த சீட்டு இப்படித் திரும்பி வந்தது.

மத்தியானம் கூட்டம் கலைந்தது. நீ சாப்பிடவில்லை. மூலையில் மூன்றாவது சிஸ்டத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாய். பிறகு எழுந்து, ஆத்துப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்றாய். போய்யா, காற்றாட நடந்துவிட்டு வா என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் துணியை எடுத்துக்கொண்டு அந்த சிஸ்டத்துக்குப் போனேன். அழிக்கச் சொல்லிக் கொடுத்தவனே நீ, அன்றைக்கு அழிக்க மறந்திருந்தாய். பக்கம் திறந்தே கிடந்தது. உன் அம்மா பத்தாவதுதான் படித்தவள், ஆனால் சாவுக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று தெரியாதவள் இல்லை. உன்னுடைய ஓட்டை இங்கிலீஷில், நீ அந்த மிஷினிடம் அதைப் பற்றித்தான் கேட்டிருந்தாய்.

என் மகனே, அந்த நிமிஷத்தை என்னால் இன்றைக்கும் முழுசாக எழுத முடியாது. வாசலில் நீ செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாய். ஓடி வந்து உன்னைக் கட்டிப் பிடித்து, எல்லாம் எனக்குத் தெரியும் என்று கதறலாம். கதறினால் தெருவே கூடும். காலையில்தான் ஒரு தடவை ஊர் முழுக்க உன்னை வாசித்திருந்தது. இன்னொரு தடவை வாசிக்க நான் விட மாட்டேன் என்று எங்கிருந்தோ ஒரு வைராக்கியம் வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் பொத்தென்று உட்கார்ந்தேன். "ஏலே, கால் போச்சுடா, ஆத்தாடி, கால் போச்சுடா" என்று கத்தினேன். நீ செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தாய். ஆட்டோ பிடிக்க நீ தெருவுக்கு ஓடிய நேரத்தில் எழுந்து போய் அந்தப் பக்கத்தை மூடி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுபடியும் வந்து தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகை மட்டும் நிஜம்.

கட்டுப் போடுகிற வைத்தியர் என் காலைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், என் பக்கத்தில் வெளிறிப் போய் நின்ற உன் முகத்தையும் பார்த்தார். "நரம்பு பெரண்டிருக்கு. கூட ஒரு ஆள் இருந்தே ஆகணும், விட்டுட்டு எங்கிட்டும் போகக் கூடாது தம்பி" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் பெரிய கட்டாகப் போட்டுவிட்டார். இப்போது மவுத்தாகிவிட்டார். அவர் மண்ணறை வெளிச்சமாக இருக்கட்டும். அந்தக் கோடை முழுக்க நீ என் கூடவே இருந்தாய். கடையைத் திறந்தாய், எனக்குத் தைலம் தேய்த்தாய், என் திட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாய். நான் வேண்டுமென்றே நிறையத் திட்டினேன், திட்டினால் நீ பதில் சொல்வாய் என்று. ஒரு நாள் நான் நொண்டியதைப் பார்த்து நீ சிரித்தாய். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. அப்புறம் உடனடித் தேர்வு எழுதினாய், பாஸ் ஆனாய், மதுரைக்குப் படிக்கப் போனாய், இன்றைக்குப் பெங்களூரில் மிஷினுக்கே பாடம் நடத்துகிறாய். மாஷா அல்லாஹ். என் கால் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இதுதான். வலி இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததும் இல்லை. இனிமேல் கேட்காதே. இல்லை, கேள். நீ கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதை உன் அத்தாவிடம்கூட நான் சொன்னதில்லை. சொன்னால் அவர் உன்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். நீ என்னைப் பார்க்கிற பார்வையும் மாறும் என்று உன்னிடமும் சொல்லவில்லை. மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டும் என்று வைத்திருந்தேன். அல்லாஹ்வுக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்று இத்தனை வருசம் நிம்மதியாக இருந்தேன். நீ போன வாரம் சிரித்துக்கொண்டே சொன்னாயே, அம்புட்டும் அதுல அப்படியே இருக்கு என்று, அப்போதுதான் தெரிந்தது, மூன்றாவதாக ஒன்றுக்கும் தெரியும், அது அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்திக்கொண்டு இருக்கிறது என்று. வெள்ளிக்கிழமை நீ அதைத்தான் காரில் ஏற்றிக்கொண்டு போக வருகிறாய்.

அதைப் படித்தால் உன் மிஷின் என்ன பாடம் கற்றுக்கொள்ளும் என்று யோசித்துப் பார். இந்த ஊரில், இந்த வயதில், ரிசல்ட் அன்றைக்கு மத்தியானம் இப்படித் தேடிய பையன் ஒருவன் இருந்தான் என்று கற்றுக்கொள்ளும். நாளைக்கு இதே மாதிரி இன்னொரு பையனை எங்கேயாவது கண்டால், இவனை நம்பாதே, வேலைக்கு எடுக்காதே, பெண் கொடுக்காதே என்று யாருக்காவது சொல்லும். அவன் ஆற்றுக்குப் போகாமல் ஆட்டோ பிடிக்க ஓடினான் என்பது அதில் பதிவாகியிருக்காது. தைலம் தேய்த்ததும், நீ சிரித்ததும், நீ மனிதனாகித் தலைநிமிர்ந்ததும் அதில் இருக்காது. ஒரு மத்தியானத்தில் ஒரு நிமிஷம் மட்டும் இருக்கும். எனக்கு மருமகளாக வரப்போகிற பிள்ளையிடம் அந்த மத்தியானத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். சொல்ல வேண்டுமென்றால் உன் வாயால், உனக்குத் தோன்றுகிற நாளில் சொல். அந்த உரிமையை ஒரு பெட்டி உன்னிடமிருந்து எடுத்துக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. உனக்கு இருப்பது போல, அந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மத்தியானம் இருக்கும். அவர்களுக்கெல்லாம் கால் சுளுக்கிக்கொள்ள ஒரு அம்மா இருந்தாளோ இல்லையோ.

உன் வேலை எனக்குத் தெரியாதது இல்லை. நீ கெட்டது செய்யப் போகிறாய் என்று நான் ஒரு நொடியும் நினைக்கவில்லை. உன் சின்ன மாமாவும் ஆசையில்தான் அந்த எண்ணைத் தட்டினான். மேலே இருக்கிறவர்களிடம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போய் நிற்பது கஷ்டம். நிரந்தரம் தள்ளிப் போகலாம், போகாமலே இருக்கலாம். கல்யாண நேரத்தில் ஒரு தாய் கேட்கிற கேள்வியா இது என்று உனக்குக் கோபமும் வரலாம். கோபம் வந்தால் போனில் கத்து, காதைக் கொடுக்கிறேன்.

பெட்டியை நானே கொண்டுபோய் ஆற்றில் போட்டிருக்க முடியும். இரண்டு தடவை சாக்கை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போர்த்திவிட்டேன். உன்னுடையதை உன்னைக் கேட்காமல் எடுத்துச் செய்தால் எனக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? அதனால் அது அங்கனயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை கம்பெனி ஆளோடு வந்தாலும் பிரியாணி உண்டு, மருவாதைக்கு ஒன்றும் குறைவிருக்காது. தனியாக வந்தாலும் உண்டு.

இதைப் படித்து முடித்ததும் கிழித்துவிடு, அன்றைக்கு மாதிரி மறந்துவிடாதே. உனக்காக துஆ செய்கிறேன், இந்தத் தடவை யாருக்கும் எண் கொடுக்கவில்லை. ஒருவேளை தனியாக வருவதாக இருந்தால் ஒன்று மட்டும் வாங்கி வா. அந்தப் பெட்டியை நீயும் நானுமாகத் திறந்து, உள்ளே இருப்பதை அழிக்கலாமென்று உன் அத்தாவின் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பார்த்தேன், நுனி தேய்ந்து கிடக்கிறது. நல்லதாக ஒன்று வாங்கிக்கொண்டு வா.

அம்மா